வேங்கைக்கோட்டை ராஜாவுக்குத் தைத்த கோட்டுகள்

கோசலையின் தையல் கடைச் சுவரில் மாட்டியிருந்த ராஜா முதல் வருஷத்தில் இரண்டு அங்குலம் வளர்ந்தார். அதே வருஷம் பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் முருங்கைக்காய் விலை ஏறியது. கடை இருந்த ரூ பிலிப்-து-ஜிராரில் குழாய் மாற்றுகிறோம் என்று தெருவைக் கிண்டிப் போட்டுவிட்டு மாசக்கணக்கில் மூடாமல் விட்டார்கள். இந்த மூன்றில் சனம் அதிகம் கதைத்தது முருங்கைக்காயைப் பற்றித்தான். ஒன்பது வயதுப் பையன் வளராமல் வேறு என்ன செய்வான் என்று ராஜாவை அவர் பாட்டுக்கு விட்டுவிட்டார்கள்.

படத்தை வாங்கி வந்தவன் கோசலையின் புருஷன் இராஜேந்திரன். அவன் ஒரு பிரெஞ்சு உணவகத்தின் சமையல்கட்டில் வேலை செய்தான். மனைவி கடை திறக்கிற நாளில் சுவர் மொட்டையாக இருக்கக்கூடாது என்று செந்-துவான் பழஞ்சாமான் சந்தைக்குப் போய், ஆள் உயரச் சட்டத்திலிருந்த அந்த எண்ணெய்ச்சாயப் படத்தை மெத்ரோ ரயிலில் நிற்க வைத்துக் கொண்டுவந்தான். விற்றவன் இந்திய ராஜா என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. இராஜேந்திரனுக்கு அது போதவில்லை. மெத்ரோ லா சப்பலுக்கு வந்து சேருவதற்குள், இது நல்லூரை ஆண்ட சங்கிலியனின் மகன் என்று தீர்மானித்துவிட்டான். நானூறு வருஷத்துக்கு முந்திய இளவரசன் சரிகைக் கோட்டும் சப்பாத்தும் போட்டு, பிரித்தானிய முடி பொறித்த பதக்கத்தோடு நிற்பானா என்று கேட்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. யாழ்ப்பாணத்து ஆட்களுக்குத் தங்கள் ராசாவின் முகம் தெரியாது. தெரியாத முகத்துக்கு எந்த முகமும் பொருந்தும். சாறிச் சட்டை தைக்கக் கொடுக்க வந்த பெண்களோடு கூட வந்த ஆண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்த்தார்கள். ஒருநாள் கோசலை சட்டத்தின் அடியிலிருந்த பித்தளைத் தகட்டைத் தேசிக்காயால் தேய்த்தபோது, ரணவீர பூபதி, வேங்கைக்கோட்டை என்று பெயர் வெளியே வந்தது. வேங்கைக்கோட்டை எங்கே இருக்கிறது என்று தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. நல்லூருக்குப் பக்கத்தில் எங்கேயாவது இருந்திருக்கும் என்றான் இராஜேந்திரன்.

இனிச் சஞ்சீவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோசலைக்கும் இராஜேந்திரனுக்கும் அவன் ஒரே பிள்ளை. தகப்பன் முதலில் பாரிஸுக்கு வந்தான்; பிறகு தாயைக் கூப்பிட்டான்; பிள்ளையின் கடதாசிகள் மட்டும் சரிவரவில்லை. கொஞ்சம் பொறுத்துக் கூப்பிடலாம் என்று ஆறு வயதுப் பிள்ளையைக் கிளிநொச்சியில் அக்காவிடம் விட்டுவிட்டுக் கோசலை விமானம் ஏறினாள். கொஞ்சம் பொறுத்து என்பது எவ்வளவு காலம் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும். அவள் கையில் இருந்தது தையல் ஒன்றுதான். அக்கா தொலைபேசியில் அவன் தோள், நெஞ்சு, கை நீளம் எல்லாவற்றையும் நூலால் அளந்து அடிமட்டத்தில் வைத்துச் சொல்லுவாள். கோசலை இங்கிருந்து சேட்டுத் தைத்து, ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்துவிடுவாள். மற்றத் தாய்மார் பிள்ளை வளருவதைக் கண்ணால் பார்த்தார்கள், கோசலை காதால் கேட்டாள். பெண்களின் உடுப்பைத் தைத்தே பழகிய கை ஆகையால், சேட்டுகளில் பொத்தான்களைப் பெண்களின் பக்கத்தில் வைத்துவிடுவாள். பள்ளிக்கூடத்தில் பகிடி பண்ணுகிறார்கள், தெறியை மற்றப் பக்கம் வையுங்கோ அம்மா என்று அவன் ஒவ்வொரு தடவையும் சொல்லுவான். ஓம் ஓம் என்பாள். அடுத்த சேட்டிலும் கை தன் வழக்கப்படியே போகும். அவனும் அதைப் போட்டுக்கொண்டே பள்ளிக்கூடம் போவான். யுத்தத்தின் கடைசி வைகாசியில், சனம் கடல்நீரேரியைக் கடந்த அன்று, அந்த ஒன்பது வயதுப் பிள்ளையின் கை பெரியம்மாவின் கையிலிருந்து நழுவியது. அவள் மறுகரைக்கு வந்து சேர்ந்தாள். அவன் வந்ததைக் கண்டவர் இல்லை, செத்ததைக் கண்டவரும் இல்லை.

அந்த வருஷம் இலையுதிர் காலத்தில்தான் படம் கடைக்கு வந்தது. தையல்காரியின் கை சும்மா இராது. தூசி தட்டும்போது, என்ன நினைத்தாளோ, அளவுநாடாவை எடுத்துப் படத்துப் பையனின் தோளில் வைத்தாள். பிறகு நெஞ்சில், பிறகு கையில். அக்கா கடைசியாகச் சொன்ன அளவு அப்படியே இருந்தது. அன்றைக்கு அவள் கடையை வேளைக்கே பூட்டிவிட்டு, எபினே-சூர்-செய்னில் வீட்டுக்கு வந்து, புருஷனிடம் ஒன்றும் சொல்லாமல் பருப்புக் காய்ச்சினாள். தை பிறக்கும்போது பையனின் மணிக்கட்டு இரண்டும் சரிகைக் கோட்டுக்கு வெளியே வந்திருந்தன. தை மாசம் சஞ்சீவனின் பிறந்தநாள். கோசலை கருநீலத் துணியில் ஒரு கோட்டுத் தைத்து, ஹாங்கரில் போட்டு, படத்துக்கு முன்னால் ஆணியில் கொழுவிவிட்டுப் போனாள். காலையில் வந்து பார்த்தபோது ஹாங்கர் வெறுமையாக இருந்தது. பையன் கருநீலக் கோட்டுப் போட்டிருந்தான். பொத்தான்கள் பெண்களின் பக்கத்தில் இருந்தன.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தையிலும் இது நடந்தது. இந்த வருஷம் என்ன நிறம் என்று வாடிக்கைக்காரப் பெண்கள் மார்கழியிலேயே விசாரிக்கத் தொடங்குவார்கள். சாறியில் மிஞ்சிய துண்டுகளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த புஸ்பராணி மன்னார்க்காரி, வேதக்காரி. தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அந்தோனியார்தான், ஆள் மாறித் தந்தாலும் தந்தது அவர்தான் என்று சொல்லி, செவ்வாய்க்கிழமைகளில் படத்துக்குக் கீழே ஒரு மெழுகுதிரி ஏற்றிவிட்டுப் போவாள். பையனுக்குக் குரல் உடைந்ததா என்று தெரியாது, படங்கள் பேசுவதில்லை. ஆனால் கழுத்தில் குரல்வளை முட்டி நின்றதை எல்லோரும் பார்த்தார்கள். கையில் ஊன்றியிருந்த வாள் ஒருநாள் அவன் உயரத்துக்குச் சரியாக வந்தது. மீசை அரும்பிய அன்றைக்குக் கோசலை தெருவில் இருந்த கடைகளுக்கெல்லாம் கற்கண்டு கொடுத்தாள். இரண்டு பேரைத் தவிர எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் சர்க்கரை வியாதிக்காரர். மற்றவர் இராஜேந்திரன்.

இராஜேந்திரன் படம் வளருவதை மறுக்கவில்லை. கண் இருக்கிறவன் எப்படி மறுப்பான். அவனுடைய வழக்கு வேறு.

"வளருறான்தான். நானும் பாக்கிறன்தானே. ஆனா அவன் ஆரோ ராசாவின்ர பிள்ளை. எங்கட பிள்ளை இல்லை."

"அளவு பொய் சொல்லுமோ?" என்பாள் கோசலை. அதோடு அன்றைய கதை முடிந்துவிடும்.

காணாமல் போனவர் பன்னிரண்டு வருஷம் திரும்பி வராவிட்டால், தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து, அதை எரித்து, ஆகவேண்டியதைச் செய்துவிட வேண்டும் என்பது முறை. பன்னிரண்டாம் வருஷம் முடிந்தபோது இராஜேந்திரன் அதைப் பற்றி வாயெடுத்தான். கோசலை கத்தவில்லை, அழவில்லை. பேச்சை நிறுத்திவிட்டாள். ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒரே தொடருந்தில் போய்வந்து, மூன்று மாசம் ஒரு சொல் இல்லை. பிறகு அவன் அதை எடுக்கவேயில்லை. ஆனால் ஒவ்வொரு வைகாசியிலும் ஒரு கை எள்ளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எபினேயில் செய்ன் நதிக்கரைக்குப் போவான். கரையில் நிற்பான். உயிரோடு இருக்கிறான் என்று தாய் சொல்லுகிற பிள்ளைக்குத் தகப்பன் எள்ளுத் தண்ணீர் இறைக்கலாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. இறைக்காமலே திரும்பி வருவான். சட்டையைத் துவைக்கப் போடும்போது எள்ளு மெசின் முழுக்கப் பரவி, கோசலையின் உள்பாவாடை வரைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கும். அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் குப்பையில் போடுவாள். ஏன் எள்ளு என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து அழுதிருக்கலாம்.

ராஜாவுக்கு இருபத்துமூன்று வயது நடக்கும்போது சுபாங்கி என்ற பிள்ளை சாறிச் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தாள். இங்கேயே பிறந்தவள், வெள்ளைக்காரன் காலத்து இந்திய சமஸ்தான ராஜாக்களின் உருவப்படங்களைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அளவு எடுக்கக் கையைத் தூக்கியவள் படத்தைக் கண்டதும் தூக்கியபடியே நின்றாள். அடுத்த நாள் ஒரு பெரிய புத்தகத்தோடு வந்தாள். பிரெஞ்சில் பேசினாள்; கோசலைக்கு விளங்காத இடத்தில் தமிழுக்கு வந்தாள். புத்தகத்தில் நூறு வருஷத்துக்கு முந்திய கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களில் ரணவீர பூபதியின் படங்கள் வரிசையாக இருந்தன, வருஷத்துக்கு ஒன்று. கோசலை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். நிறம் தெரியாவிட்டாலும் அவள் தைத்த கருநீலக் கோட்டு இருந்தது. துணி போதாமல் போய் யாரோ ஒரு பிள்ளையின் சாமத்தியச் சடங்குச் சாறித் துண்டைக் கக்கத்தில் ஒட்டுப்போட்ட கோட்டு இருந்தது. எல்லாவற்றிலும் பொத்தான்கள் பெண்களின் பக்கத்தில் இருந்தன. ஆங்கிலேயருக்குத் தன் எதிர்ப்பைக் காட்டவே ராஜா இப்படி அணிந்தார் என்று சுபாங்கியின் பேராசிரியர் ஒரு முழு அத்தியாயம் எழுதியிருந்தார்.

"அது நான் விட்ட பிழை, பிள்ளை" என்றாள் கோசலை.

சுபாங்கி முக்காலியில் உட்கார்ந்து முதலில் சிரித்தாள், பிறகு கொஞ்சம் அழுதாள். ஆராய்ச்சியில் அந்த இடத்தை அவள் மாற்றவில்லை. பேராசிரியர் நல்ல மனுஷன், இருதய நோயாளி வேறு.

பிறகு அவள் ராஜாவின் கதையைச் சொன்னாள். வேங்கைக்கோட்டை ஒரு சின்ன சமஸ்தானம். வரைபடத்தில் கட்டைவிரலை வைத்தால் மறைந்துவிடும். தகப்பன் இறந்தபோது பையனுக்கு ஒன்பது வயது. அரண்மனைப் பெண்கள் பிள்ளையைக் கெடுத்துவிடுவார்கள் என்று ரெசிடென்ட் துரை முடிவு செய்து, அவனைத் தாயிடமிருந்து பிரித்து, மலையில் ஒரு பங்களாவில் இங்கிலீஷ் வாத்தியாரோடு வைத்தார். தாய் பார்க்க அனுமதி இல்லை. அதற்குப் பதிலாக வருஷத்துக்கு ஒரு படம் வரைந்து அவளுக்கு அனுப்புவதாக ஏற்பாடு. பிள்ளையைக் கொண்டுபோய்விட்டுத் துணியை அனுப்புகிறார்கள் என்று ராணி சொன்னாளாம். ஆனாலும் ஒவ்வொரு படத்தையும் மாட்டினாள். பட்டம் கட்டிய பிறகும் அவனைக் கோட்டையில் இருக்க விடவில்லை. படிப்பு என்று சீமைக்கு அனுப்பினார்கள். கடைசியில் பாரிஸுக்கு வந்து, இருபத்துநாலு வயதில் நெஞ்சு நோயில் போய்விட்டான். வாரிசு யார் என்ற சண்டையை ஒத்திப்போடுவதற்காகச் சாவைத் தாயிடம் மறைத்தார்கள். சம்பளம் வாங்கிய ஓவியன் பழைய படத்தைப் பார்த்து, முகத்துக்குக் கொஞ்சம் சதை, மீசைக்குக் கொஞ்சம் நீளம் என்று கூட்டி, இல்லாத ராஜாவை வருஷாவருஷம் வரைந்து அனுப்பிக்கொண்டிருந்தான்.

கோசலை தையல் மெசினின் சில்லைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டுக் கேட்டாள். "தாய் கண்டுபிடிக்கேல்லையோ?"

"தெரியாது அன்ரி. ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை. ஆனா செத்தாப் பிறகு வந்த படங்கள் இருக்கெல்லோ, அதுகள் பெட்டியோடயே இருந்ததாம். ஆணி கழட்டேல்லை."

கோசலை சட்டைக்குக் கொளுக்கி எத்தனை வேண்டும் என்று கேட்டாள். சுபாங்கி சொன்னாள்.

அடுத்த தையில் ராஜாவுக்கு இருபத்துநாலு. அந்த வருஷம் முதல் தடவையாகக் கோசலை கோட்டைப் பெருப்பிக்காமல் ஒடுக்கித் தைக்க வேண்டி வந்தது. நெஞ்சளவு குறைந்திருந்தது. கழுத்தெலும்பு தெரிந்தது. வாளை அவன் பிடித்துக்கொண்டிருந்தானா, வாளைப் பிடித்து நின்றுகொண்டிருந்தானா என்று சொல்ல முடியவில்லை. கோசலை காலையில் கொத்தமல்லித் தண்ணியும் மத்தியானம் மிளகு ரசமும் கொண்டுவந்து படத்துக்கு முன்னால் வைத்தாள். பின்னேரம் பார்க்கும்போது கால்வாசி குறைந்திருக்கும். குளிர் ஏறாமல் இருக்க வாடிக்கைக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு வந்தார்கள். புஸ்பராணி செவ்வாயை விட்டு எல்லா நாளும் மெழுகுதிரி ஏற்றினாள். வேலை முடிந்து அழைத்துப்போக வருகிற இராஜேந்திரன் வாசலோடு நிற்பவன், அந்த வருஷம் உள்ளே வந்து உட்காரத் தொடங்கினான். ஒருநாள் தன்னுடைய கழுத்துச் சால்வையைக் கழற்றிச் சட்டத்தின் மூலையில் போட்டுவிட்டுப் போனான். அது படத்துக்குள் போகவில்லை. போகாது என்று அவனுக்கும் தெரிந்திருக்கும்.

மறு தை வந்தது. படத்தில் ராஜா தேறியிருந்தார். கன்னத்தில் சதை, மீசையில் முறுக்கு. தெருவில் எல்லோருக்கும் சந்தோஷம். பார்த்தீர்களா அந்தோனியாரை என்றாள் புஸ்பராணி. கோசலை அளவுநாடாவை வைத்துப் பார்த்தாள். முகம் பெருத்திருந்ததே தவிர, தோள் போன வருஷத்துத் தோள். கை போன வருஷத்துக் கை. இருந்தாலும் இருபத்தைந்து வயது ஆண்பிள்ளைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுக்குத் தாராளமாக வெட்டி, நல்ல கம்பளித் துணியில், உள்ளுக்குப் பட்டு வைத்து ஒரு கோட்டுத் தைத்தாள். அதைப் போல ஒன்றை அவள் அதற்கு முன் தைத்ததில்லை. ஆணியில் கொழுவிவிட்டுப் போனாள். காலையில் கோட்டு ஹாங்கரிலேயே இருந்தது. அடுத்த நாளும் இருந்தது. தை கழிந்தது, மாசி கழிந்தது, கோட்டின் தோளில் தூசி படிந்தது. அவள் தூசியைத் தட்டிவிட்டாள், மறுபடியும் படிந்தது. படத்தில் இருந்தவர் மீசையை முறுக்கியபடி, யாரையும் பார்க்காமல் நின்றார்.

பங்குனியில் ஒருநாள் இராஜேந்திரன் கடைக்கு வந்தபோது அவள் மெசினுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"இஞ்சேருங்கோ, ஐயரோடை ஒருக்காக் கதையுங்கோ."

"என்னத்துக்கு?"

"கோட்டு அப்பிடியே கிடக்குது."

இராஜேந்திரன் ஆணியைப் பார்த்தான். பிறகு குனிந்து, நிலத்தில் கிடந்த துணித் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினான். நிறைய நேரம் பொறுக்கினான்.

எபினேயில் அவர்கள் இருந்தது ஐந்தாம் மாடி. அங்கே ஊதுபத்தி கொளுத்தினாலே அலாரம் அடிக்கும். பாரிஸுக்கு வெளியே பொண்டியில் புஸ்பராணிக்குத் தனி வீடும் பின்னால் ஒரு வளவும் இருந்தன. அவளுடைய புருஷன் யூலியன் கோடையில் இறைச்சி வாட்டுகிற மூலையைக் கழுவிச் சுத்தம் செய்து, விறகு அடுக்கிக் கொடுத்தான். சைவக் கிரியைக்கு வேதக்கார வீடா என்று ஐயர் கொஞ்சம் யோசித்தார், பிறகு வந்தார். அவர் கொண்டுவந்த தர்ப்பையில் ஒரு முழத்துக்கு ஒரு பாவை செய்யலாம். கோசலை பையிலிருந்து கோட்டை எடுத்து வைத்தாள். ஐயர் கோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கட்டிய பாவையை அவிழ்த்துவிட்டு இன்னும் புல்லு வேணும் என்றார். யூலியன் காரில் போய், சூப்பர் மார்க்கெட்டில் முயல் வளர்ப்பவர்களுக்கு விற்கிற வைக்கோல் பைகளை எல்லாம் வாங்கி வந்தான். தர்ப்பையை நெஞ்சுக்குள் வைத்து, வைக்கோலால் தோளும் கையும் காலும் கட்டினார்கள். கோட்டுச் சரியாகப் பொருந்தியது. பொத்தான்களைக் கோசலைதான் பூட்டினாள். சஞ்சீவன் என்று பெயர் சொல்லி ஐயர் மந்திரம் ஓதினார். அந்தப் பெயரை வெளியாள் ஒருவர் சத்தமாகச் சொல்லிக் கேட்டு எத்தனை காலம்.

தூக்கும்போதுதான் தெரிந்தது. வைக்கோல்தானே என்று ஒற்றைக் கையைக் கொடுத்த யூலியனால் அசைக்க முடியவில்லை. இராஜேந்திரன் தலைமாட்டைப் பிடித்தான், அப்போதும் முடியவில்லை. ஒரு பிடி தர்ப்பை, முயல் வைக்கோல், ஒரு கோட்டு. இருபத்தைந்து வயது ஆண்பிள்ளை ஒருவனின் பாரம் அதில் இருந்தது. ஐயர் குனிந்து பார்த்துவிட்டு, ரெண்டு பேர் காணாது என்று மட்டும் சொன்னார். கோசலை சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து தோளின் கீழே கையைக் கொடுத்தாள். பெண்கள் சுடலைக்குப் போவதில்லை என்பது அவர்களுடைய வழக்கம். அந்த நேரத்தில் அதை யாரும் எடுக்கவில்லை. அவள் பிள்ளையைக் கடைசியாகத் தூக்கியது ஆறு வயதில், விமான நிலையத்துக்குப் போகிற வான் வண்டிக்குப் பக்கத்தில்.

"நல்ல பாரம்" என்றாள், இராஜேந்திரனைப் பார்த்து. "நல்லா வளந்திட்டான், என்ன?"

"ஓம்" என்றான் இராஜேந்திரன். "எங்கட பிள்ளை." தலைமாட்டை விடாமல் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதான். அவளும் அழுதாள்.

மூன்று பேருக்கு அசைந்தது, ஆனால் உயரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் போர்த்துக்கல்காரர் ரோசாவுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். யூலியன் அவரைக் கூப்பிட்டான். அவர் குழாயை மூடிவிட்டு, கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து, எது தலை எது கால் என்று கேட்டு, கால்மாட்டைப் பிடித்தார்.